இந்த ஆண்டுக்கு 12

ஜனவரி முதல் தேதி நோட்டில் 12 என்று எழுதி வட்டம் போட்டேன். மாதத்துக்கு ஒன்றாக 12 புத்தகம், எல்லாமே இளையோருக்கான மிகுபுனைவும் அறிவியல் புனைகதையும்தான். போன வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். எதுவும் மனதில் தங்கவில்லை.

முதலில் எடுத்தது உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கே அதன் மேல் அதிகாரம் என்பதுதான் அங்கே மந்திரத்தின் அடிப்படை. கெட் என்ற பையன் செருக்கில் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அதனிடமிருந்து ஓடி ஓடி, ஒரு கட்டத்தில் திரும்பி நின்று அதையே துரத்தத் தொடங்குகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வயதில் இது என் கையில் கிடைத்திருக்கக் கூடாதா!

அடுத்தது லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993). நிறங்களே தெரியாத ஒரு சமூகத்தில் வளரும் பையன் ஜோனாஸ். வீசிப் பிடிக்கும் ஆப்பிள் அவனுக்கு ஒரு நொடி மாறித் தெரிகிறது. அது சிவப்பு என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன்.

பிடிக்காததைப் பாதியில் விடலாம், ஆனால் ஏன் என்று நோட்டில் எழுத வேண்டும். இது நான் வைத்துக்கொண்ட விதி.

மார்ச்சுக்கு மேட்லின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' காத்திருக்கிறது. 1962-ல் வெளிவருவதற்கு முன் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல் அது.