அப்புச்சியும் ராட்டர்டாமும்

நெதர்லாந்தில் நிலவடிவமைப்பு படிக்கிறேன். போன மாதம் ராட்டர்டாமின் பெந்தம்பிளைன் சதுக்கத்துக்குக் கூட்டிப் போனார்கள். 2013-இல் திறந்தது. வெயிலடித்தால் விளையாட்டு மைதானம். அடைமழை பெய்தால் சுற்றுக் கட்டடங்களின் கூரைத் தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்கும், சாக்கடை திணறாது. வாயைப் பிளந்தபடி நோட்டில் வரைந்துகொண்டேன்.

அப்புறம் வீடியோ காலில் கோவை பேரூரில் இருக்கும் அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பா) படத்தைக் காட்டினேன்.

"ஏங்கண்ணு, நம்ம நொய்யல் தண்ணி வாய்க்கால்ல வந்து குளத்த ரொப்புறதில்லையா? செல்வசிந்தாமணி ரொம்பிப் பெரியகுளம், பெரியகுளம் ரொம்பி வாலாங்குளம். இதுக்கா அவ்வளவு தூரம் போன?"

கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. அங்கே பந்து விளையாட முடியாதே அப்புச்சி என்றேன். "கோடையில குளத்துக்குள்ள வேற என்னத்த வெளையாடுனோம்?"

தீசிஸ் தலைப்பை மாற்றிவிட்டேன். மதகு வரைபடத்தில்தான் சந்தேகம், ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட வேண்டும்.