நேம்பிளேட்டில் 251, ரிலேயில் 145

சென்ற கோடையில் ஒரு குடிநீர் நீரேற்று நிலையத்தில் 200 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இரவோடு இரவாக எரிந்துபோனது. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வார்னிஷ் கருகிய வாடை அறை வாசலிலேயே முகத்தில் அடித்தது. பேனலைத் திறந்து பார்த்தேன். மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஓவர்லோட் ரிலேயின் குமிழ் 250 ஆம்பியரில் நின்றது. "நேம்பிளேட்டுல 251னு போட்டிருக்கு சார், அதுக்கு ஒண்ணு கம்மியாத்தானே வச்சிருக்கோம்?" என்றார் ஆபரேட்டர். அவர் கேட்டதில் தவறில்லை. மோட்டாரின் விவரத்தகடான நேம்பிளேட்டில் உள்ள அந்த 251 எந்தக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது.

கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்தப் பம்பு வினாடிக்கு 250 லிட்டரை 40 மீட்டர் மொத்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும். 250 கிலோ நீரை ஈர்ப்பு முடுக்கமான 9.81-ஆலும் 40-ஆலும் பெருக்கினால் 98,100 வாட், அதாவது 98.1 கிலோவாட் வரும். இது தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய திறன் மட்டுமே. பம்பின் செயல்திறன் 78 சதவீதம் என்பதால் அதன் தண்டில் ஏறத்தாழ 126 கிலோவாட் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் 15 சதவீதம் கையிருப்பு வைத்தால் 145-ஐ எட்டும். சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 150 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் 0.746 கிலோவாட் என்பதால் இதைத்தான் 200 எச்.பி. என்கிறோம்.

நேம்பிளேட்டில் உள்ள இந்த 150 கிலோவாட், மோட்டார் தன் தண்டில் வெளியே தரும் திறனே தவிர, மின்வாரியத்திடமிருந்து அது வாங்கும் திறன் அன்று. பலர் சறுக்குவது இங்கேதான். இந்த மோட்டாரின் செயல்திறன் 95.5 சதவீதம், ஆகவே உள்ளே போவது 157 கிலோவாட். திறன் காரணி, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் திறனாகும் பங்கு, 0.87 என்பதால் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சுமக்க வேண்டியது சுமார் 180 கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர்). இதை 415 வோல்ட்டாலும் மூன்றின் வர்க்கமூலமான 1.732-ஆலும் வகுத்தால் 251 ஆம்பியர் வந்துவிடும். செயல்திறனையும் திறன் காரணியையும் விட்டுவிட்டு 150-ஐ நேரே வகுப்பவருக்கு 209 ஆம்பியர்தான் வரும். அதை நம்பி வாங்கிய கேபிள் முதல் கோடையிலேயே சூடேறும். இதே மோட்டாரை 3,300 வோல்ட்டுக்குச் செய்திருந்தால், அதே செயல்திறனுக்கும் திறன் காரணிக்கும் 32 ஆம்பியர் போதும். மிகப் பெரிய மோட்டார்களை உயர் அழுத்தத்தில் ஓட்டுவதன் காரணம் இதில் விளங்கும்.

மின்னழுத்தம் குறைந்தால் ஆம்பியரும் குறையும் என்று எண்ணுபவர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பம்பு கேட்கும் திறன் மாறாதபோது அழுத்தம் 380 வோல்ட்டுக்கு இறங்கினால், முழுச் சுமையில் 251 என்பது 274-ஐ நெருங்கும். மாலை நேரத்தில் மோட்டார் சூடாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

துவக்க மின்னோட்டம் தனிக் கதை. நேரடியாகத் துவக்கினால் முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு, அதாவது 1,500 ஆம்பியர் இழுக்கும். அந்த நிலையத்தில் இருந்த 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் 433 வோல்ட் பக்கத்து முழு மின்னோட்டமே 333 ஆம்பியர்தான். அதன் மின்மறுப்பு (உள் தடை) 4.5 சதவீதம் என்று கொண்டால், நேரடித் துவக்கத்தில் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சரிந்துவிடும். மோட்டாரின் கம்பிச்சுருள்களான வைண்டிங்குகளை ஸ்டார் இணைப்பில் துவக்கி, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால், லைனில், அதாவது மின்சாரம் வரும் கம்பியில், இழுப்பது மூன்றில் ஒரு பங்காக, 500 ஆம்பியராகக் குறையும். சுழற்றும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்றாலும், டெலிவரி வால்வை மூடிவைத்துத் துவக்கும் மையவிலக்குப் பம்புக்கு அது போதும்.

அங்கே வைத்திருந்ததும் இந்த ஸ்டார்ட்டர்தான்; எரிந்ததற்கான காரணமும் அதில்தான் இருந்தது. மோட்டார் டெல்டாவில் ஓடும்போது, லைனில் வரும் 251 ஆம்பியர் ஒவ்வொரு முனையிலும் இரண்டு வைண்டிங்குகளுக்குப் பிரிகிறது; ஒரு வைண்டிங்கில் ஓடுவது அதை 1.732-ஆல் வகுத்த 145 ஆம்பியர். மோட்டாருக்குப் போகும் ஆறு கேபிள்களும் இந்த 145-ஐத்தான் சுமக்கின்றன. அந்தப் பேனலில் ரிலே, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான மெயின் காண்டாக்டருக்குக் கீழே, மோட்டாருக்குப் போகும் கேபிளில் இருந்தது. ஆகவே அது காண்பதும் 145 மட்டுமே. அதை 250-ல் வைத்தது, லைனில் 433 ஆம்பியர் வரை ஓடட்டும் என்று விட்டதற்குச் சமம்.

அன்று இரவு பிரதானக் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. எதிர்ப்பு குறைந்ததால் மோட்டாருக்குச் சுமை குறைந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இவ்வகைப் பம்பில் உயரம் குறையக் குறைய நீர் கூடுதலாகப் பாய்ந்து, தண்டில் கேட்கும் திறனும் ஏறிக்கொண்டே போகும். பதிவேட்டில் நள்ளிரவுக்குப் பின் ஒவ்வொரு மணிக்கும் லைன் ஆம்பியரை 310, 310 என்று ஆபரேட்டர் நேர்மையாக எழுதியிருந்தார். வைண்டிங்கில் அது 179 ஆம்பியர். 145-ல் வைத்திருந்த ரிலேயாக இருந்தால், அமைவைப் போல 1.2 மடங்குக்கு இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்து மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது அதற்கான தர விதி, 1.23 மடங்குக்கு நிச்சயம் விழுந்திருக்கும். 250-ல் இருந்த ரிலேக்கு 179 ஒரு பொருட்டே இல்லை.

ரீவைண்டிங் முடிந்து மோட்டார் திரும்பி வந்ததும், 250-ல் தொடங்கும் பழைய ரிலேயைக் கழற்றிவிட்டு, 145-ஐத் தன் எல்லைக்குள் கொண்ட சிறிய ரிலேயைப் பொருத்தினோம். வால்வை முழுதாகத் திறந்து, கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டரை லைனில் மாட்டியபோது 214 காட்டியது. மோட்டார் கேபிளில் மாட்டியபோது 124. இரண்டையும் ஆபரேட்டரே தன் கையால் அளந்து பார்த்தார். பிறகு பெயிண்ட் வாங்கி வந்து பேனல் கதவின் உட்புறத்தில் "லைன் 251, ரிலே 145" என்று எழுதிவைத்தார்.