செல்ஃப் எடுக்காத காரும் பேட்டரி மீது விழும் பழியும்

சாவியைத் திருப்பியும் செல்ஃப் எடுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் தொலைபேசியில் சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் 'பேட்டரி போயிருக்கும் சார்' என்பதுதான். சார்ஜ் இறங்கிய பேட்டரியையும் கெட்டுப்போன பேட்டரியையும் ஒன்றாகக் கருதிப் புதிது வாங்கிவிடுகிறோம். மூல காரணம் வேறெங்கோ இருந்தால் புதியதும் சில வாரங்களில் படுத்துவிடும். இரண்டையும் பிரித்தறிய, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரும் 10ஆம் நம்பர் ஸ்பேனரும் வீட்டில் இருந்தால் போதும்.

மீட்டரை எடுக்கும் முன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பும்போது 'டக டக டக' என்று தொடர்ந்து கேட்டால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். கனமாக ஒரே ஒரு 'டக்' கேட்டு, விளக்குகளும் மங்காமல் எரிந்தால், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதற்குச் செல்லும் தடித்த கேபிளையோ சந்தேகிக்கலாம். டேஷ்போர்டு பளிச்சென்று எரிந்தும் ஓசையே இல்லையென்றால், கிளட்சை முழுவதும் மிதித்தோமா, ஆட்டோமேட்டிக் காரில் லீவர் பார்க்கிங் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் உள்ளன. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவதால் மீட்டரில் 12.6 காட்ட வேண்டும். 12.4 முக்கால்பங்கு, 12.2 பாதி, 12.0 ஏறத்தாழ கால்பங்கு. வண்டியை நிறுத்திய கையோடு அளந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பதால், சில மணி நேரம் ஓயவிட்டே அளக்க வேண்டும். இரவு முழுவதும் சார்ஜரில் போட்ட பிறகும் 10.5 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை என்றால், ஆறில் ஒரு செல் செத்துவிட்டது என்று கொள்ளலாம். அந்தப் பேட்டரியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நெடுநாள் நின்றிருந்த ஒரு ஹேட்ச்பேக்கில் பேட்டரி மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு நிற்கவில்லை. மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் டெர்மினல்களான ஈயக் குமிழ்களின் மீதே வைத்தபடி சாவியைத் திருப்பச் சொன்னபோது மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அதே முனைகளைக் குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்களின் மீது வைத்துப் பார்த்தால் பாதிக்கு விழுந்தது. அதாவது குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே மின்சாரம் தடைபட்டு நின்றது. கிளாம்பைக் கழற்றியபோது உள்வட்டம் முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்து, ஈயத்தின் நிறமே தெரியாமல் இருந்தது.

இதைச் சுத்தம் செய்வது எளிது, வரிசை மாறக்கூடாது என்பதுதான் முக்கியம். முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்ற வேண்டும். அது இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் பொடி நுரைத்துக்கொண்டு அகலும். துடைத்துக் காயவிட்டு, கிளாம்பின் உட்புறத்தை உப்புத்தாளால் பளபளப்பு தெரியும் வரை உரசி, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் பொடி எளிதில் திரும்பாது. அந்த ஹேட்ச்பேக் இவ்வளவிலேயே கிளம்பிவிட்டது.

உண்மையிலேயே சார்ஜ் இறங்கியிருந்தால் ஜம்பர் கேபிள் கைகொடுக்கும். சிவப்புக் கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும் பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும் மாட்டி, அதன் மறுமுனையைப் படுத்த காரின் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் கவ்வவிட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி தெறிக்கக்கூடும், பேட்டரியிலிருந்தோ ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால்தான் இந்த விலகல். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. அதைச் சோதிப்பதற்காக ஓடும் எஞ்சினில் டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். இன்றைய கார்களின் மின்னணுப் பெட்டிகள் அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

சுத்தமான டெர்மினல், நல்ல பேட்டரி, சரியான ஆல்டர்னேட்டர் எல்லாம் இருந்தும் சில நாட்களில் மீண்டும் படுத்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே வைத்து, காரைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தால், பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அப்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளவு கூடுதலாக இருந்தால் காரின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க, எதை எடுத்ததும் அளவு சரிகிறதோ அந்த வழியில்தான் கசிவு. வெளிக்கடையில் பொருத்திய டேஷ்கேமராவும் ஜிபிஎஸ் கருவியும் என் அனுபவத்தில் முதல் சந்தேக நபர்கள். அடுத்தது டிக்கி விளக்கு. 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் மணி போய்விடும், 35 ஆம்பியர் மணி கொண்ட சிறிய கார் பேட்டரி மூன்றாம் நாளே திணறும். மூடிய டிக்கிக்குள் விளக்கு அணைகிறதா என்பதை அறிய, கைபேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பார்க்கலாம். கார் சாவியை மட்டும் அதனுடன் சேர்த்து வைத்துவிடக் கூடாது.