அது வட்டிக்கடை, இது என் தம்பி

ஆச்சி தன் சின்ன மகனுக்காக எழுதும் உயிலில், அவருக்கென்று ஒதுக்கும் சொத்தைப் பொறுப்பேற்று நடத்தும் டிரஸ்டியாக யார் யார் பெயரைப் போடுவது என்று தொடங்கிய பேச்சு கணக்கில் போய் முட்டிக்கொண்டது. ஆச்சியின் பெரிய மகன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என் தம்பிக்குச் சோறு போட்டதற்கு நான் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், வக்கீல் சார்?"

எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. "உங்கள் ஐயா பர்மாக் கடைக்கு ஆள் அனுப்பியபோது, சொந்த மைத்துனனே ஆனாலும் சம்பளச் சீட்டு எழுதித்தானே அனுப்பியிருப்பார்? கடையின் ஐந்தொகைக் கணக்கு வந்தால் வரிக்கு வரி பார்த்திருப்பாரே. அதை யாராவது சந்தேகம் என்று சொன்னார்களா?"

"அது வட்டிக்கடை. இது என் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பதிலுக்கு என்னிடம் அன்றும் மறுமொழி இல்லை. பிறகு பல மறுமொழிகள் தோன்றின. சட்டப்படி எல்லாம் சரியானவை. ஆனால் ஒன்றுகூட அவருக்கு முன்னால் நிற்கும் என்று தோன்றவில்லை.

சின்னவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு. "அவனுக்குத்தான் பங்கே கிடையாதே" என்று ஆச்சி முதலில் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. பழைய இந்துச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. 1928இல் வந்த சட்டம் மற்றக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தத் தடையை நீக்கிவிட்டு, பிறவியிலேயே சித்தக் குறைபாடு உள்ளவர்களை மட்டும் வெளியிலேயே நிறுத்தியது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவுதான் அதற்கு முடிவு கட்டியது. ஆச்சியின் கணவர் செட்டியார் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்ததால், அவருடைய பாகத்தில் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கு வந்துவிட்டது. சின்னவருக்குப் பங்கு இருக்கிறது, அவருக்காகக் கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. பதினெட்டு வயது நிறைந்த பிறகு பெற்ற தாயும் தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். உயிலில் காப்பாளரை நியமிப்பது சிறு பிள்ளைகளுக்குத்தான் செல்லும். வயது வந்த மகனுக்காக ஆச்சியின் உயில் செய்யக்கூடியது, ஆச்சி அவருக்கு விட்டுப்போகும் சொத்துக்கு ஒரு பொறுப்பாளரை வைப்பதுதான்.

பெரியவர் கேட்டது எல்லாக் குடும்பங்களும் கேட்பதுதான். "எல்லாம் என் பேரில் இருக்கட்டும், அவனை நான் பார்த்துக்கொள்வேன்." பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவருக்கு அடுத்து வருபவர்களை நினைத்துத்தான் பேசினேன். அவர் தம்பிக்கு முன்னால் போய்விட்டால் அந்தச் சொத்து அவருடைய மனைவி மக்களுக்குச் சொந்தச் சொத்தாக இறங்கும். சித்தப்பாவுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று அண்ணன் மகன்கள் பேசிக்கொண்டிருந்த ஓர் அறையில் நான் இருந்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் போக மிச்சம் என்ன என்று பார்த்தார்கள். அந்த மிச்சத்தில்தான் ஒரு மனிதர் சாப்பிட வேண்டியிருந்தது.

இதைப் பெரியவரிடம் பொதுவாகச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். சின்னவர் காலத்துக்குப் பிறகு மீதி உங்கள் பிள்ளைகளுக்கு என்று ஆச்சி சொல்வதால், நீங்கள் தம்பிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டியதில் குறையும், அதனால் உங்களோடு இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று விளக்கினேன். ஆச்சியும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லாத வக்கீல் எதற்கு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அறுபது வயது மனிதரை அவருடைய ஆத்தாவின் முன்னால் வைத்து அதைச் சொல்லியிருக்க வேண்டுமா? தனியாக அழைத்துச் சொல்லியிருந்தால் ஆச்சிக்குத் தெரியாமல் அவருடைய உயிலைப் பேசியதாகும். அதுவும் முறையல்ல.

மகள் ஒரு சமாதானம் சொன்னார். "அண்ணன்மேல் முழு நம்பிக்கை வைத்துத் தம்பிக்காக எழுதுகிறேன் என்று ஆத்தா எழுதட்டுமே. டிரஸ்ட் என்ற பேச்சே வேண்டாம்." நல்ல யோசனைதான். ஆனால் 1882ஆம் ஆண்டு டிரஸ்டுகள் சட்டம், 6ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டாக ஏறக்குறைய இதையே வைத்திருக்கிறது. ஒருவன் இன்னொருவனுடைய நன்மைக்குப் பயன்படுத்துவான் என்ற முழு நம்பிக்கையோடு சொத்தை எழுதிவைத்தாலே டிரஸ்ட் உருவாகிவிடும். உருவானால் 19ஆம் பிரிவுப்படி கணக்கும் வைத்தாக வேண்டும். இதைச் சொன்னதும் மகள் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சோற்றுக்குக் கணக்கு என்ற அந்தக் கேள்வி வந்தது.

பணம் சேர்ந்த இடத்தில் கணக்கு இருப்பது செட்டிநாட்டில் யாருக்கும் புதிதில்லை. கோயில் கணக்கு, பங்காளிகள் கணக்கு, இத்தனை பங்குக்காரர்கள் உள்ள பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றிய கணக்கு என்று எல்லாம் எழுதுவார்கள். கல்யாணத்தில் கொடுத்த பாத்திரம் வரை சிட்டையில் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் பர்மாவை இழுத்தேன். சோற்றுக்கு மட்டும் யாரும் எழுதியதில்லை என்பதைப் பெரியவர் கண்டுபிடித்துச் சொன்னார். இல்லை, கண்டுபிடிக்கவில்லை, அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

தன் பெயர் வேண்டாம் என்று பெரியவர் சொல்லி அனுப்பிவிட்டார். மகளையும், ஆச்சியின் உடன்பிறந்தார் மகனையும், ஓர் ஆடிட்டரையும் டிரஸ்டிகளாக வைத்து உயில் தயாரானது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். கட்டாயமில்லை என்றாலும் பதிவும் செய்தோம். ஒழுங்கான பத்திரம்தான். வேலை செய்யும் டிரஸ்டிக்கு ஊதியம் உண்டு என்று எழுதினேன், எழுதாவிட்டால் 50ஆம் பிரிவு கொடுக்காது. உணவு, உடை, மருத்துவம், உறைவிடம் என்பதோடு "அவருக்கு விருப்பமான பயணங்கள்" என்றும் சேர்த்தேன்.

உயிலோடு ஒரு விருப்பக் குறிப்பும் வைப்பது என் வழக்கம். சட்ட வலு கிடையாது. பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். சின்னவருக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், எந்த மாத்திரையை எதில் கலந்து கொடுத்தால் துப்பமாட்டார் என்றெல்லாம் ஆச்சியிடம் கேட்டு எழுதினேன். பாதிக் கேள்விகளுக்கு ஆச்சி, "பெரியவனைத்தான் கேட்க வேண்டும்" என்றார். போனில் கேட்டேன். எந்தக் கோபமும் காட்டாமல் சொன்னார். பிள்ளையார்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் சன்னல் ஓரம் இல்லாவிட்டால் ஏறமாட்டான், அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட வேண்டும், இழுத்து ஏற்றக் கூடாது. முடி வெட்டுபவரை மாற்றக் கூடாது. இடி இடித்தால் பெட்டகசாலைக்குள் போய்விடுவான், கதவை வெளியிலிருந்து சாத்தக் கூடாது. நான் எழுத எழுத அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மூன்று டிரஸ்டிகளில் இதில் ஒன்றையாவது அறிந்தவர் மகள் ஒருவர்தான்.

பத்திரம் பாதுகாப்பானது. அதிலிருந்து ஒதுங்கிப்போனவர் அதைவிடப் பாதுகாப்பானவர். ஆனால் அவருக்கும் வயது ஆகிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது நியாயமான வாதம்தான். ஒருநாள் கலெக்டர் குழு மூலம் அவர் காப்பாளராக வந்தாலும், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஆண்டுதோறும் கணக்கும் கேட்கத்தான் போகிறார்கள். அங்கே யாரிடம் "இது என் தம்பி" என்று சொல்வார்?

ஆச்சி போன மாதம் ஆள் அனுப்பியிருந்தார். பெரியவன் எப்போது மனம் மாறி வந்தாலும் சேர்ந்துகொள்ள ஓர் இடம் விட்டு உயிலைத் திருத்த முடியுமா என்று கேட்டிருந்தார். ஆச்சி இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தத்தை எழுதிவிட்டேன். கணக்குப் பிரிவை மட்டும் எடுக்கவில்லை. அவர் வந்தாலும் எடுக்கப் போவதில்லை. அதனாலேயே வராமல் போவார் என்பதும் எனக்குத் தெரியும்.