பில்லைத் தேடும் வேலை

14-ம் தேதி நெருங்கினால் எங்கள் அக்கவுண்ட்ஸ் அறையில் யாரும் லீவு கேட்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி வரும். நமக்குச் சரக்கு கொடுத்தவர்களும் வேலை செய்து கொடுத்தவர்களும் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. 20-ம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்ன் போட வேண்டும். அதற்குள் நம் பில்களை அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, யாரைப் பிடித்து "உங்க பில் ஏறலைங்க" என்று சொல்வது எனப் பிரித்தாக வேண்டும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி என்றால் நூல் மில், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், அட்டைப்பெட்டி என்று பில் கொடுப்பவர்களுக்கா பஞ்சம்!

ஒத்துப் பார்ப்பது கூடப் பரவாயில்லை. பில்லைத் தேடுவதில்தான் பொழுது போகும்.

இந்த மாதிரி வேலையைத் தானாக ஓட விட ஜாப்பியர், பவர் ஆட்டோமேட், நம் ஜோஹோ ஃப்ளோ எல்லாம் இருக்கின்றன. நான் எடுத்தது கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், கூகுள் ஆப்களுக்குள் சின்ன புரோகிராம் எழுதி ஓட விடும் வசதி. ஜிமெயிலும் டிரைவும் ஷீட்டும் ஏற்கெனவே ஆபீசில் ஓடுகின்றன, தனிக்காசு கிடையாது. மணிக்கொரு தரம் அது ஓடி, "பில்" லேபிள் ஒட்டிய மெயில்களைத் திறந்து, பிடிஎஃப்பை அந்த மாத ஃபோல்டரில் போட்டு, ஷீட்டில் ஒரு வரி சேர்க்கும். பில் எண்ணையும் தொகையையும் நானே அடிக்கிறேன். ஒவ்வொருவர் பில்லும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் அதைப் படிக்க வைக்கும் வம்புக்குப் போகவில்லை. ஒரே ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டினால் கூகுள் நிறுத்திவிடும். அதனால் எடுத்து முடித்த மெயிலில் ஸ்கிரிப்ட் லேபிளை மாற்றிவிடும். அடுத்த தரம் மிச்சத்திலிருந்து தொடரும்.

படுத்தி எடுப்பது பில் எண்தான். சட்டப்படி 16 எழுத்துக்குள் எப்படியும் வைக்கலாம், கோடும் சாய்கோடும் போடலாம். நிட்டிங்காரர் 0045 என்று அச்சடித்திருப்பார், அவருடைய ஆடிட்டர் 45 என்று ஏற்றியிருப்பார். எக்செல் தன் பங்குக்கு 12-24 என்ற எண்ணை டிசம்பர் மாதமாக்கி வைக்கும். இப்போது அந்தக் கட்டங்கள் எல்லாம் டெக்ஸ்ட். ஒத்துப் பார்க்கும்போது ஸ்கிரிப்ட் முன்னால் உள்ள பூஜ்யங்களையும் குறிகளையும் உதறிவிட்டு, ஜிஎஸ்டி எண்ணையும் தொகையையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒரு ரூபாய் முன்னே பின்னே இருந்தால் ரவுண்டாஃப் என்று விட்டுவிடும்.

அடுத்து, பில் பாஸ் ஆவது. நூல் போன எடைக்கும் துணி வந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து புரொடக்‌ஷன் அண்ணன் ஓகே போடுவார். "எத்தனை சதவீதம் வரைக்கும் குறைஞ்சா விடலாங்ண்ணா?" என்று கேட்டேன்.

"அதெப்பிடிச் சொல்றது கண்ணு, பார்த்தாத் தெரியும்."

விடாமல் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. மழை நாளில் காட்டன் ஈரத்தை இழுத்து எடை ஏறும், அன்றைக்குக் குறைவே தெரியாது. லைக்ரா போட்ட துணிக்குக் கணக்கு வேறு. பழைய பார்ட்டி ஒரு லாட்டில் கூடக் குறைத்தால் அடுத்ததில் சரிக்கட்டுவார். புதுப் பார்ட்டியை அப்படி விட முடியாது. இதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் எங்கே அடைப்பது? டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) உள்ள எடை, வந்த எடை, வித்தியாசம், அதே பார்ட்டியின் முந்தைய பில்கள், எல்லாவற்றையும் ஒரே வரியில் கொண்டுவந்து வைத்தேன். அண்ணன் மெஷின் பக்கத்தில் நின்றபடியே போனில் டிக் அடிக்கிறார்.

முதலாளிக்கு அந்த டிக்கும் தானாக விழுந்தால் தேவலை. நான் ஒத்துக்கொள்ளவில்லை, மழை பெய்ததா என்று ஷீட்டுக்குத் தெரியாது. அதற்குப் பதில் தேதிக் கணக்கைத் தானாக ஓட விட்டேன். குறு, சிறு யூனிட்டுகளுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் போக வேண்டும். தாண்டினால், பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக்கு அந்தச் செலவைக் கழிக்கலாம். கெடு நெருங்கினால் வரி சிவப்பாகும், முதலாளிக்கு மெயில் போகும். மார்ச் மாதத்தில் அதை அவரே திறந்து பார்க்கிறார்.

இன்னும் தீராதது வாட்ஸ்அப். பாதிப் பேர் பில்லை மேஜையில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், அவர்கள் கை நிழலோடு. மெயிலில் போடச் சொன்னால் "பாஸ்வேர்டு பையனுக்குத்தான் தெரியுங்க" என்று பதில். போனிலேயே ஏற்ற கூகுள் ஃபார்ம் லிங்க் ஒன்று அனுப்பி வைத்தேன். காஜா பட்டன் யூனிட் அக்கா மட்டும் தவறாமல் அதில் போடுகிறார். மற்றவர்களுடையதை இப்போதைக்கு நான்தான் ஏற்றுகிறேன்.