வவுனியாவில் இறங்குங்கள்

ஓட்டோக்காரர் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். வவுனியா டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, "அண்ணை, ஹொரவப்பொத்தானை வீதி அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். "அறுநூறு தாங்கோ தம்பி, தூரம்தானே" என்றார். ஏறி உட்கார்ந்து முகத்து வியர்வையைத் துடைத்து முடிக்கவில்லை, "இறங்குங்கோ" என்கிறார். அறுநூறு ரூபா! திரும்பும்போது நடந்தேதான் வந்தேன். நீங்களும் நடந்தே போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்ஸிலும் மாங்குளம் வரை இருக்கை இல்லை. அது வேறு எரிச்சல்.

சரி, அருங்காட்சியகம். சின்னக் கட்டடம்தான். ஆனால் நடுவிலிருக்கும் அறுகோண அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துபோனது. அங்கே சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தர் சிலைகள், 1,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. வவுனியா மண்ணைத் தோண்டினால் கருங்கல் வரும், சுண்ணாம்புக்கல் வராது. அந்தக் கல் மன்னார்க் கரைப் பக்கத்துக் கல். இன்றைய வீதியில் வந்தாலே 75 கிலோமீற்றருக்குக் குறையாது. காட்டு வழியாக இதை எப்படிக் கொண்டுவந்தார்கள்? ஒரு சிலையின் முன்னால் நெடுநேரம் நின்றேன். சுண்ணாம்புக்கல் மழையில் மெல்ல மெல்லக் கரையும். கன்னத்தில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். அப்படியிருந்தும் முகத்தில் அமைதி அப்படியே இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கிளிநொச்சிப் பக்கத்தில் கிடைத்த சுடுமண் உருவங்கள். கொழுகொழுவென்று, குழந்தைகள் மாதிரி. என் அம்மம்மா ஊர் கிளிநொச்சி. குளத்துக் களியைக் குழைத்து அடுப்புப் போட்டு, ஈரக் கையால் தடவித் தடவி மினுக்குவார். அந்த உருவங்களின் தோள் வளைவைப் பார்த்தபோது அவருடைய கைதான் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் எத்தனை தடவை வவுனியாவைத் தாண்டிப் போயிருக்கிறேன்! ஒரு தடவைகூட இறங்கவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

நேரமிருந்தால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னாலுள்ள வன்னி மன்னன் பண்டாரவன்னியன் சிலையையும் பாருங்கள். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவில் ஆங்கிலேயரைத் தாக்கியவன். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான்.

அப்புறம் சாப்பாடு. டவுனில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடையில் சிவப்பரிசிச் சோறும் விரால் குழம்பும். குளத்து மீன், மிளகும் புளியும் தூக்கலாக. அடி நாக்கு வரை உறைத்தது, ஆனாலும் இரண்டாம் தடவை குழம்பு வாங்கினேன். அந்த அக்கா கேட்காமலே ஒரு துண்டு மீனும் வைத்தார். 450 ரூபாதான்! ஓட்டோவுக்குக் கொடுத்த காசில் இன்னொருவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

 பஸ்ஸையும் ஓட்டோவையும் சாப்பாட்டையும் விட்டால் செலவில் மிச்சமிருப்பது பாலைப்பழம் மட்டும்தான். யாழ்ப்பாணம் திரும்பும் ஏ9 வீதியோரத்தில் ஒரு பொடியன் பை பையாக வைத்து விற்றான், பையொன்று 200 ரூபா. பால் ஒட்டி உதடு பசைபோட்டதுபோல ஆகிவிட்டது. ஆனையிறவு தாண்டும்போது பையில் ஒன்றும் மிஞ்சவில்லை.