ஓய்வு நாளிலும் விடாத அரிப்பு

மொரீஷியஸில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் புகார்களில் விடுதிச் சண்டை, சம்பளக் கணக்கு மாதிரியானவை சீக்கிரம் முடிந்துவிடும். காரணம் தெரியாத அரிப்புதான் ஆளையே உடைத்துவிடுகிறது.

ஃபினிஷிங் பிரிவில் கறை எடுக்கும் மேசையில் திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். புறங்கையும் விரலிடுக்கும் சிவந்து தடித்து, அப்புறம் வெடித்து நீர் கசியும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீராய்டு க்ரீமைத் தடவினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். கருவாடு, கத்தரிக்காய், இந்த ஊர்த் தண்ணீர் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். போகப் போக, "ஒட்டிக்கும்" என்று சொல்லித் துணிக்கொடியில்கூட அவளுக்கு இடம் விடவில்லை. ஒட்டிக்கொள்ளும் சிரங்காக இருந்தால் ராத்திரியில் அரிப்பு கூடும், அறையில் மற்றவர்களுக்கும் வந்திருக்கும். அங்கே வேறு யாருக்கும் எதுவும் இல்லை. இதை எடுத்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

"டாக்டர்கிட்ட போனா அன்ஃபிட்னு ஊருக்கு அனுப்பிடுவாங்களாக்கா?" என்று கேட்டாள். அந்தப் பயம் வெறும் பயமில்லை. வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி இங்கே முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டில் இருப்பதே கேள்விக்குறிதான். அதனால்தான் பலர் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்கிறார்கள்.

தோல் நோய் வேலையால் வந்ததா என்று பார்க்க, லீவு நாளில் குறைகிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் குறையவில்லை. அதை வைத்தே, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மேற்பார்வையாளர் முடிவு கட்டிவிட்டார்.

பிறகு தைப்பூசம் வந்தது. அவள் விரதம் இருந்து, லீவு போட்டு, காத்ர் போர்ன் ஊரில் மலைக்கோயிலுக்குப் பக்கத்தில் தெரிந்த தமிழ்க் குடும்பத்தோடு தங்கினாள். திரும்பி வந்தபோது கை நன்றாக ஆறியிருந்தது. "முருகன் கண்ணத் திறந்துட்டான்க்கா" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மேசைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் மறுபடி தடித்தது.

அங்கே என்னவெல்லாம் செய்யவில்லை என்று உட்கார்ந்து கேட்டேன். கறை எடுக்கவில்லை, மெஷின் பக்கம் போகவில்லை. கடைசியாக, "அந்தம்மா என்னப் பாத்திரம் கழுவ விடவே இல்லக்கா" என்றாள். வேலைக்குக் கொடுக்கும் அதே ரப்பர் கையுறையைத்தான் ஞாயிற்றுக்கிழமை விடுதியில் பாத்திரம் கழுவவும் மாட்டியிருக்கிறாள், புண்ணில் சோப்பு படக்கூடாது என்று.

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்தார். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு பட்டைகளாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் விட்டு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. பிப்ரவரி வெயிலில், அயர்ன் டேபிள்களுக்கு நடுவே அது எப்படி நடக்கும்? அலுவலகத்தில் ஃபைல் அடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன்.

ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுராம் என்ற ரசாயனம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கறை எடுக்கும் கரைப்பான் முதலில் தோலைக் காயவைத்து வெடிக்க வைத்திருக்கிறது, அந்த வெடிப்பைக் காக்க மாட்டிய கையுறையே அலர்ஜியைக் கொடுத்திருக்கிறது என்றார் மருத்துவர். இந்த வகை அலர்ஜி பட்டவுடனே காட்டாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். நேற்றுச் சாப்பிட்ட கருவாட்டின் மேல் பழி விழுவது இதனால்தான். காரணம் பிடிபடாதபோது பழி கடைசியில் அந்த மனுஷி மேலேயே விழுகிறது, சுத்தமில்லாதவள் என்று.

மருத்துவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனேன். தொழிலாளியின் பாதுகாப்பும் ஆரோக்கியமும் முதலாளியின் பொறுப்பு என்று 2005ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கையுறையை மாற்ற ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எதற்கு மாற்றுவது? வினைலில் இந்த ரசாயனம் இல்லை, ஆனால் கரைப்பானை அது தாங்காது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை என்றால் போதும் என்று கொள்முதல் பிரிவு நினைத்தது. சாதாரண நைட்ரைல் கையுறையிலும் இதே வகை ரசாயனங்கள் இருக்கலாம். 'லேடெக்ஸ் இல்லை', அதாவது இயற்கை ரப்பர் இல்லை என்று பெட்டியில் போட்டிருப்பது இதற்கு உத்தரவாதம் ஆகாது. தையுராம் மாதிரியான ரசாயனங்களுக்கு ஆக்சிலரேட்டர் என்று பெயர்; அது சேர்க்காத நைட்ரைல் என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவள் இன்னும் அதே மேசையில்தான் வேலை செய்கிறாள். சப்ளையர் மாறும்போதெல்லாம் புதுப் பெட்டியை முதலில் என் மேசைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.